கன்றுக்குட்டி எப்போது வரும்?

போன மார்கழியில் என் மகளை முதன்முறையாக ஒரு முழுக் கச்சேரிக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. பாட்டு வகுப்பில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சரளி, ஜண்டை எல்லாம் தாண்டி அலங்காரத்தில் நிற்கிறாள். அன்றைக்கு வயலின் தனிக் கச்சேரி, அதாவது வாய்ப்பாட்டே கிடையாது. முதல் நாலைந்து உருப்படிகள் வரை தாளம் போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தோடி ராக ஆலாபனை ஆரம்பித்தது. தாளம் கிடையாது, மிருதங்கம் சும்மா இருக்கிறது, ஒற்றை வில் மட்டும் மெதுவாக எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: "அப்பா, இது எதைப் பத்தின பாட்டு?"

அவள் எழுந்து வெளியே போகலாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு பசுவோட கன்னுக்குட்டி காணாமப் போயிடுச்சு, சாயங்காலம் ஆயிடுச்சு, அது தேடிக்கிட்டே போகுது, கூப்பிட்டுக்கிட்டே போகுது, கவனிச்சுக் கேளு என்றேன். நிஜமாகவே கவனித்துக் கேட்டாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல வைத்துக்கொண்டு. நடுவில் ஒரு தரம், "கன்னுக்குட்டி எப்ப வரும்?" என்றாள். வயலின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அங்கேயே நின்றதும் சபை முழுக்க ஒரு 'ஆஹா' எழுந்தது, அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கெடைச்சிருச்சா?" நான் தலையாட்டினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு வந்த தானம், அதாவது அதே ராகத்தைத் துடிப்போடு வாசிக்கிற பகுதி, நான் அத்தனை வருடமாகக் கேட்ட தானங்களில் மிக அழகான ஒன்று, அவள் காதில் விழவேயில்லை. கன்று கிடைத்துவிட்டது, கதை முடிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது? முன் சீட்டுக்காரரின் தோளில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது ரொம்ப நாள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தைக்குக் கதை சொல்வதில் என்ன தப்பு, எல்லோரும் செய்வதுதானே என்று ஒரு பக்கம் தோன்றும். அந்தக் கதை இல்லாவிட்டால் அந்த இருபது நிமிடம்கூட அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள் என்றும் தோன்றும். இன்னொரு பக்கம், அவளுக்கும் அந்த வயலினுக்கும் நடுவில் நான் ஒரு பசுமாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன் என்ற எண்ணமும் போகவில்லை.

சூப்பர்மேன் வந்த நாள்

கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் யூடியூபில் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் 'இளையோர் கச்சேரிகள்' தொடரை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். மேற்கத்திய இசை கேட்கிறவர்களுக்கு இந்தத் தொடரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1958 ஜனவரி 18, நியூயார்க்கின் கார்னகி ஹாலில் தொடங்கி 1972 வரை, 53 நிகழ்ச்சிகள், அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தவை. எதிரே அரங்கம் நிறையப் பிள்ளைகள், பின்னால் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா முழுசாக, நடுவில் பெர்ன்ஸ்டைன். அந்த 1958-இல்தான் அவர் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் இசை இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். முதல் நிகழ்ச்சியின்போது வயது 39. பேசுவார், பியானோவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார், தனக்குக் குரல் வளம் இல்லை என்பதைப் பற்றிக் கவலையே படாமல் பாடிக் காட்டுவார், திடீரென்று எழுந்து மேடைக்குப் போய்க் கையை உயர்த்தினால் நூறு பேர் கொண்ட அந்த ஆர்க்கெஸ்ட்ரா கிளம்பும். என் மகளுக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரியும். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

முதல் நிகழ்ச்சியின் தலைப்பே 'இசைக்கு என்ன பொருள்?' என்பதுதான். வந்ததும் வராததுமாக ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையின் கடைசிப் பகுதி, குதிரை பாய்கிற மாதிரி ஒன்று, அதை வாசிக்க வைக்கிறார். வாசித்து முடித்துவிட்டு, இது எதைப் பற்றியது என்று பிள்ளைகளைக் கேட்கிறார். அரங்கமே 'லோன் ரேஞ்சர்' என்று கத்துகிறது; அந்தக் கால அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் பெயருள்ள கௌபாய் தொடருக்கு இதுதான் முகப்பு இசை. அங்கேயே உட்கார்ந்திருக்கும் தன் ஐந்து வயது மகள் ஜேமியும் வீட்டில் இதையேதான் சொன்னாள் என்கிறார் பெர்ன்ஸ்டைன். ஆனால் ரோசினி இத்தாலிக்காரர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியையோ கௌபாய்களையோ பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, அதனால் இது அதைப் பற்றியது இல்லை, சொல்லப்போனால் எதைப் பற்றியதும் இல்லை, இது ஸ்வரங்கள், அவ்வளவுதான் என்று அந்தப் பிள்ளைகளிடம் நேருக்கு நேர் சொல்லிவிடுகிறார். நிகழ்ச்சி ஆரம்பித்துச் சில நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதை என் மகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளைப் பிடித்து உலுக்கியது அதற்கு அப்புறம் வந்த சூப்பர்மேன் கதை. ஊருக்கு நடுவில் ஒரு பெரிய சிறைச்சாலை, அதற்குள் ஒரு தப்பும் செய்யாத ஒருவனை அடைத்து வைத்திருக்கிறார்கள், ராத்திரி நேரம், அவனைக் காப்பாற்ற சூப்பர்மேன் வருகிறான் என்று பெர்ன்ஸ்டைன் ஒரு கதை சொல்கிறார். கதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு துண்டு வாசிக்கிறது. சூப்பர்மேன் வருகிற இடம் வருகிறது. கைதிகள் எல்லாம் குறட்டை விட்டுத் தூங்குகிற இடம் வருகிறது, பித்தளை வாத்தியங்கள் ஒரு விசித்திரமான 'ர்ர்ர்' ஓசை எழுப்புகின்றன, அச்சு அசலாகக் குறட்டைதான். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், அதை மட்டும் இரண்டு தடவை பின்னால் தள்ளிப் போடச் சொன்னாள். கடைசியில் அவன் விடுதலை. கதைக்கும் இசைக்கும் அப்படி ஒரு பொருத்தம், இந்த இசை இந்தக் கதைக்கென்றே எழுதியது என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

அப்புறம் பெர்ன்ஸ்டைன் சொல்கிறார், நான் சொன்ன கதை நானாகக் கட்டியது. இது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1897-இல் எழுதிய 'டான் குயிக்ஸாட்'. உண்மையில் இதில் இருப்பது தன்னை மாவீரன் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கிழவன், அவனுடைய குதிரை, அவன் பகைவர் படை என்று நினைத்துப் பாய்கிற ஒரு ஆட்டு மந்தை. சிறைக் கைதிகளின் குறட்டை என்று நாம் சிரித்தோமே, அது செம்மறியாடு கத்துவது. சொல்லிவிட்டு அதே இசையை மறுபடி வாசிக்க வைக்கிறார். இப்போது அது ஆடாகக் கேட்கிறது! ஒரு ஸ்வரம் மாறவில்லை. கதை மாறியும் இசைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், கதைதான் அந்த இசையின் பொருள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் நிறுத்தி இதைத் தமிழில் விளக்கியபோது மகள் ஒன்றும் பேசவில்லை. மீதி நிகழ்ச்சியையும் பேசாமலே பார்த்தாள். ராத்திரி படுக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "நீங்க சொன்ன கன்னுக்குட்டியும் அப்படித்தானா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்த மாமா வாசிச்சது நெசமா என்ன?" என்றாள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அது தோடி என்று சொன்னேன். தோடின்னா என்ன என்று கேட்டாள். ராகம் என்றேன். அதோடு சொற்கள் தீர்ந்து போய்விட்டன. ஏறக்குறைய நாற்பது வருடமாகத் தோடி கேட்கிறவன் நான், ஒரு ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு பொய்க் கதையும் ஒரு பெயரும் மட்டும்தான் இருந்தன.

பெரியவர்களுக்கு வாசிப்பதையே

அதற்குப் பிறகு அந்த விடுமுறை முழுக்க வாரத்துக்கு இரண்டு என்று நாங்கள் இருவரும் பார்த்தோம். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்றால் குழந்தைக்கென்று தனியாகத் தண்ணீர் கலந்து ஒன்றைத் தயாரிப்பதுதான் நமக்குப் பழக்கம். பொம்மை வரும், கலர் கலராக எழுத்து ஓடும், தொகுத்து வழங்குகிறவர் கீச்சுக் குரலில் பேசுவார். பெர்ன்ஸ்டைன் கோட்டு சூட்டோடு வருகிறார். பெரியவர்கள் காசு கொடுத்துக் கேட்கிற அதே ஆர்க்கெஸ்ட்ரா, அதே தரம், அதே இசை. அந்த முதல் நிகழ்ச்சியிலேயே பேத்தோவன், முசோர்க்ஸ்கி, சைக்கோவ்ஸ்கி எல்லாம் வருகிறார்கள், அதுகூடப் பெரிதில்லை, ஆன்டன் வெபர்ன் வருகிறார். 1909-இல் எழுதியது, பெரியவர்களே இன்றைக்கும் நெளிந்துகொண்டு கேட்கிற ஒன்று, முணுமுணுவென்று சில ஓசைகள், மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அதை 1958-இல் ஒரு சனிக்கிழமை, நேரடி ஒளிபரப்பில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். உனக்கு இது புரியாது என்று அவர் ஒரு இடத்தில்கூட முடிவு கட்டவில்லை.

அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தயாரித்து இயக்கியவர் ரோஜர் எங்லாண்டர், இசைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர், அதனால் ஓபோ என்ற ஊதுவாத்தியம் வாசிக்கும்போது காமரா சரியாக ஓபோவுக்குப் போகும். ஆனால் அடிக்கடி அது பிள்ளைகள் பக்கமும் திரும்பும். ஒரு பையன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். ஒருத்தி ரிப்பனைத் திருகிக்கொண்டிருப்பாள். சிலர் வாய் பிளந்து கேட்பார்கள், சிலர் கொட்டாவி விடுவார்கள், அதையும் வெட்டாமல் காட்டியிருக்கிறார்கள். கொட்டாவி விட்ட பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை என்று எனக்கு அதைப் பார்க்கும்போது தோன்றியது, எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகளின் ஞாபகம் வந்தது.

அப்புறம், இந்தத் தொடர் வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். 1961-இல் அமெரிக்க அரசின் ஒலி, ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவராக இருந்த நியூட்டன் மினோ, தொலைக்காட்சி நிலையத்தார் கூட்டத்திலேயே போய் நின்று, உங்கள் தொலைக்காட்சி ஒரு பரந்த பாழ்நிலம் என்று பேசிவிட்டார். அந்தப் பேச்சு கிளப்பிய சங்கடத்தில்தான் சி.பி.எஸ். இந்த நிகழ்ச்சியைச் சாயங்காலம் குடும்பம் மொத்தமும் உட்காருகிற நேரத்துக்கு நகர்த்தியது. யோசித்துப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில், இருப்பதோ விரல்விட்டு எண்ணுகிற சேனல்கள், அதில் ஒன்றில் ஒருவர் சொனாட்டா வடிவம் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பேசுகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று பீட்டில்ஸ் என்ற பாப் குழுவின் பாட்டு. 1964 அது, பெரியவர்கள் பலர் பீட்டில்ஸைச் சத்தம் என்று ஒதுக்கிய காலம். பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிக் கேட்பதை அவர் கேவலமாகப் பார்க்கவில்லை, அதையே வாசல்படியாக்கி உள்ளே அழைத்துப் போனார்.

இங்கே நம் சேனல்களில் பிள்ளைகளையும் இசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் போட்டிதான். ஏழு வயதுக் குழந்தை மேக்கப்போடு வந்து காதல் சோகம் பாடும், நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், மார்க் போடுவார்கள், வெளியேற்றுவார்கள். அந்தக் குழந்தைகளின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, சில குரல்களைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தைக்கு அதிலிருந்து என்ன கிடைக்கிறது? யார் ஜெயித்தார்கள் என்பது கிடைக்கிறது. பெர்ன்ஸ்டைனின் மேடையிலும் இளம் கலைஞர்கள் வந்தார்கள். 1963-இல் ஆந்த்ரே வாட்ஸ் என்ற 16 வயதுப் பையன் இசையமைப்பாளர் லிஸ்டின் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தது இந்தத் தொடரில்தான். வாசித்தான், கைதட்டினார்கள். மார்க் கிடையாது. பாராட்டு அவனைப் பற்றி இருந்தது, ஆனால் மகளுக்கும் எனக்கும் கடைசியில் மனதில் நின்றது லிஸ்ட்.

எனக்கு ஒப்பாத ஒன்று

இவ்வளவு சொன்னாலும் அந்த முதல் நிகழ்ச்சியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். இசை எதைப் பற்றியதும் இல்லை என்பதை என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. நான் வளர்ந்தது தேவாரம் கேட்டு. என் பாட்டி விடிகாலையில் சொல்கிற பதிகத்தில் சொல் எது, பண் எது என்று பிரித்தால் இரண்டுமே செத்துவிடும். சம்பந்தர் பாட்டும் நாட்டுப்புறத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் எதையோ பற்றித்தான் பாடப்படுகின்றன, யாரையோ பார்த்துத்தான் பாடப்படுகின்றன. பெர்ன்ஸ்டைன் பேசியது வாத்திய இசையைப் பற்றி, பாட்டைப் பற்றி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நம் வயலின்காரர் வாசித்தாலும் கீர்த்தனைதானே வாசிக்கிறார், தெரிந்தவர்கள் காதில் சாகித்யம், அந்தப் பாட்டின் சொற்கள், கூடவே ஓடுகிறதே.

ரொம்ப நாள் இதை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு என் தாத்தா சொன்ன கோயில் திருவிழா ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் அவர். சாமி நாலு வீதி சுற்றி வரும், வீதி முனையில் நிறுத்திவிட்டு நாகஸ்வரக்காரர் ராகம் வாசிக்க ஆரம்பிப்பார், மணிக்கணக்கில் போகும். 1956-இல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி அந்தத் தலைமுறைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். அங்கே தெருவில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் வயல் வேலை முடித்து வந்தவர்கள் இருந்தார்கள், மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு பெண்கள் இருந்தார்கள். சொல்லே இல்லாத ராகம் அது. இது எதைப் பற்றியது என்று அங்கே யாராவது கேட்டிருப்பார்களா? பெர்ன்ஸ்டைன் கார்னகி ஹாலில் போராடிப் புரியவைத்த ஒன்று அந்தத் தெருவில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. சொல்லுள்ள பாட்டும் சொல்லில்லாத ராகமும் ஒரே ராத்திரியில், ஒரே ஆளிடமிருந்து. அந்த முடிவில்லாத பொறுமையை நாங்கள்தான் எங்கோ தொலைத்துவிட்டு, பிள்ளைகளைக் கச்சேரியில் உட்கார வைக்கக் கதை தேடிக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளைக் கட்டைகள்

விடுமுறை முடிகிற சமயத்தில் 1966-இல் வந்த நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தோம், 'மோடு என்றால் என்ன?' என்பது. முதல் நிகழ்ச்சியில் ஐந்து வயதாக இருந்த ஜேமிக்கு இதற்குள் 14 வயது. அவள் கேட்ட கேள்விதான் இந்த நிகழ்ச்சிக்குக் காரணம் என்று அப்பா சொல்கிறார். பியானோவில் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசி. 'சி'யில் தொடங்கினால் ஒன்று, அதே கட்டைகளை 'டி'யில் தொடங்கினால் வேறொன்று, 'இ'யில் தொடங்கினால் இன்னும் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கிங்க்ஸ் என்ற பாப் குழுவின் பாட்டையெல்லாம் தன் கரகரத்த குரலில் பாடி, இதோ இது இந்த மோடில் இருக்கிறது என்று காட்டுகிறார்.

எனக்குக் கை பரபரத்தது. ஏனென்றால் இது நம் கிரகபேதம், ஷட்ஜத்தை இடம் மாற்றினால் அதே ஸ்வரங்கள் வேறு ராகமாகிவிடுவது. 'சி'யில் சங்கராபரணம், 'டி'யில் கரகரப்பிரியா, 'எஃப்'பில் கல்யாணி, 'ஜி'யில் அரிகாம்போதி. பரணில் கிடந்த பழைய காசியோ கீபோர்டைத் துடைத்து எடுத்து, மகளை உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டையிலிருந்தும் எட்டுக் கட்டை வாசிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். 'டி'யிலிருந்து போனபோது நிமிர்ந்து பார்த்தாள், அதே கட்டைங்கதானே அப்பா, ஏன் வேற மாதிரி இருக்கு என்றாள். மறுநாள் வகுப்பில் போய்க் கேட்டிருக்கிறாள். பாட்டு மிஸ் சுருதிப் பெட்டியின் ஷட்ஜத்தை மாற்றி மாற்றி வைத்து, ஒரே ஸ்வர வரிசையைப் பாடிக் காட்டினார்களாம். கிரகபேதம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்து எனக்கே சொல்லிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் 'இ'யில் தொடங்கி வாசித்தாள். இதுதான் தோடியின் ஸ்வரங்கள் என்றேன். மார்கழியில் கேட்டோமே, அதுவா? அதேதான். மறுபடி வாசித்தாள், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. முகம் சுருங்கியது.

"இது அது இல்லப்பா."

ஸ்வரம் அதேதான் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். 'ஜி' கட்டையை, அதாவது காந்தாரத்தை, திரும்பத் திரும்ப அழுத்தினாள். "இது சும்மா நிக்குது. அந்த மாமா வாசிச்சப்போ இது நிக்கவே இல்ல, ஆடிக்கிட்டே இருந்துச்சு." அப்படியானால் அன்றைக்கு, அந்தக் கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும், அவள் காது காந்தாரத்தின் கமகத்தை, அந்த அசைவை, பிடித்து வைத்திருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் 'எஃப்', 'ஜி', 'ஏ' என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை மாற்றி மாற்றி வேகமாக அழுத்திப் பார்த்தாள். வரவில்லை. கட்டையை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள். வரவில்லை. கீபோர்டை விட்டுவிட்டு வாயைத் திறந்து 'கா' என்று இழுத்தாள், குரலை மேலும் கீழும் அசைத்து. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது தோடியாக இருந்தது. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் அந்த ஒற்றை எழுத்தையே பாடிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.